பழைய லென்ஸ் ஏலம்: படத்தில் தெரிவதும் தெரியாததும்

2022 ஜூனில் ஒரு பழைய லைக்கா கேமரா ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் தானே வைத்துப் படம் எடுத்த கேமரா அது. இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் மதுரைப் பக்கம் பரண்கள் திறக்கப்படுகின்றன. மாசி வீதிகளில் ஒரு காலத்தில் ஸ்டூடியோ நடத்திய குடும்பத்தில் யாராவது ஒருவர் பித்தளைக் குழாய் மாதிரி லென்ஸ் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார். இன்னொரு பக்கம், கல்யாணப் படம் எடுக்கும் பையன்கள், பின்னால் இருக்கும் இலையெல்லாம் சுழி போட்டுச் சுற்றுகிற படத்தை எங்கோ பார்த்துவிட்டு, நடுராத்திரியில் உக்ரைன்காரரிடம் அந்தப் பழைய லென்ஸை ஏலம் கேட்டு வாங்கி, பார்சல் வந்ததும் வரி ரசீதைப் பார்த்து முழிக்கிறார்கள்.

இரண்டு தரப்புக்கும் குழப்பம் ஒரே இடத்தில்தான். ஆன்லைன் ஏலத்தில் லென்ஸைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. எட்டுப் பத்துப் படமும் நாலு வரியும்தான் கண்முன் இருக்கும், விலை கேட்பது அந்தப் படத்துக்கும் வரிக்கும். லென்ஸைப் பற்றித் தெரிந்திருப்பது பாதி வேலை. அந்தப் படங்களில் எதைக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்திருப்பது மீதிப் பாதி. அடிப்படையிலிருந்து போகலாம்.

## எத்தனை வயதானால் பழசு?

'ஆன்டிக்' என்ற சொல்லை விற்கிறவர்கள் தாராளமாகத் தூவுகிறார்கள். 1978இல் செய்த லென்ஸுக்கும் அதே சொல்தான். சுங்கப் பட்டியலில் ஆன்டிக் பொருளுக்கு 9706 என்று தனித் தலைப்பே உண்டு, அதில் நுழைய 100 வயது தாண்டியிருக்க வேண்டும். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொதுவாக 100 வருடத்தைத்தான் கோடாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டம் வேறொரு காரணத்துக்காக முக்கியம், கடைசியில் சொல்கிறேன்.

ஏலத்தில் வருவதை மூன்று காலமாகப் பிரித்துக்கொண்டால் போதும்:

1. பித்தளைக் காலம். 19ஆம் நூற்றாண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். பெரிய மரக் கேமராவில் பொருத்தியவை. ஸ்டூடியோ வீட்டுப் பரணில் கிடப்பது பெரும்பாலும் இந்த ரகம், அல்லது இதன் பின்னாளைய வாரிசு.
2. பூச்சில்லாத காலம். 1920கள், 30கள். சிறு கேமராக்கள் வந்துவிட்டன, ஆனால் கண்ணாடி வெறும் கண்ணாடி.
3. பூச்சுக் காலம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு 1980கள் வரை. ஏலத்தில் பத்துக்கு எட்டு இதுதான் கண்ணில் படும். இதற்கு ஆன்டிக் என்று பெயர் கிடையாது, 'வின்டேஜ்' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

விலை இந்த வரிசையில் ஏறும் என்று நினைத்தால் அங்கேதான் முதல் சறுக்கல். 1890களின் 'ரேப்பிட் ரெக்டிலினியர்' லென்ஸ் 100 வயது தாண்டியது, பித்தளை, பார்க்க அழகு, ஆனால் ஏராளமாகச் செய்யப்பட்டது, அதனால் மலிவாகவே கிடைக்கும். அதைவிட 60 வருடம் இளைய டிரையோபிளான் 100 மி.மீ. லென்ஸ் பல மடங்கு விலைக்குப் போகும். ஏன் என்பது கண்ணாடிக்குள் இருக்கிறது.

## கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது

ஒரே ஒரு வில்லைக் கண்ணாடியை வைத்தும் படம் எடுக்கலாம், பரோடாவில் செய்து நாடு முழுக்க விற்ற ஆக்ஃபா கிளிக் 3 அப்படித்தான் எடுத்தது. ஆனால் ஒற்றைக் கண்ணாடியின் ஓரங்கள் மங்கும், நிறம் பிரியும், ஒளியும் குறைவாகத்தான் வரும். அதைச் சரிசெய்ய ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கண்ணாடிகளை அடுக்குவதுதான் லென்ஸ் கலையின் முழு வரலாறும்.

1839இல் புகைப்படம் அறிவிக்கப்பட்டபோது ஒரு முகத்தை எடுக்க ஆள் பல நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குப் போடத் தெரிந்த வீரர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு, 1840இல் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கிற (எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம்) லென்ஸைக் கணித்துக் கொடுத்தார். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர்கள் ஒளி எங்கே விழும் என்று போட்டார்கள். உட்காரும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது, ஊர் ஊருக்கு ஸ்டூடியோ வந்தது. வோய்க்லாண்டர் நிறுவனம் செய்து விற்றது, இருவருக்கும் பின்னால் சண்டை, மற்றவர்களெல்லாம் தாராளமாக நகல் எடுத்தார்கள். அதனால்தான் பித்தளைக் குழாயில் லண்டன், பாரிஸ் என்று எத்தனையோ பெயர் பொறித்திருந்தும் உள்ளே இருப்பது ஒரே பெட்ஸ்வால் அமைப்பாக இருக்கிறது.

அதன்பின் முக்கியமான இரண்டு படிகள். 1893இல் டென்னிஸ் டெய்லரின் குக் டிரிப்லெட், மூன்றே கண்ணாடி. 1902இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் செய்த டெஸ்ஸார், நான்கு கண்ணாடி மூன்று தொகுதியாக (ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகள் ஒரே தொகுதி). இந்த இரண்டின் பேரன் பேத்திகள்தான் பிறகு வந்த சின்ன லென்ஸ்களில் பாதி.

தொகுதி என்று ஏன் எண்ணுகிறார்கள்? வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும். மூன்று தொகுதி என்றால் காற்றைத் தொடும் பரப்பு ஆறு, 22 சதவீதம் போய்விடும். நான்கு தொகுதி, எட்டுப் பரப்பு என்றால் 28. போன ஒளி சும்மா போகாது, உள்ளுக்குள்ளேயே சுற்றித் திரிந்து படத்தை வெளுக்க வைக்கும். 1935இல் ஸைஸில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்ணாடிமேல் மெல்லிய பூச்சு பூசி இதைக் குறைக்கும் வழியைக் கண்டார். ஜெர்மன் லென்ஸ் முகத்தில் சிவப்பில் 'டி' எழுத்து இருந்தால் இந்தப் பூச்சு என்று அர்த்தம். பூச்சில்லாத லென்ஸைக் கத்திரி வெயிலில் தெப்பக்குளம் தண்ணீருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், 28 சதவீதம் என்பது என்ன என்று படம் சொல்லும்.

சரி, இவ்வளவு குறையுள்ள பொருளுக்கு ஏன் இன்றைக்கு அடிதடி? குறைக்காகத்தான். புதிய லென்ஸ்கள் எல்லாக் குறையையும் திருத்தி, படம் ஒரே மாதிரி பளிச்சென்று வருகிறது. சலித்தவர்கள் குறையைத் தேடிப் போகிறார்கள்.

ஹீலியோஸ் 44 என்ற சோவியத் லென்ஸ் 58 மி.மீ., எஃப் 2. 1930களின் ஸைஸ் பையோட்டாரின் நகல். இதில் படத்தின் ஓரத்துக்குப் போகப் போகப் பின்னணி ஒளிப்புள்ளிகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் போல ஒடுங்கும், எல்லாப் பூனைக்கண்ணும் நடுவைச் சுற்றி வரிசை கட்டும், அதுதான் சுழி. அது எங்கும் வராது. ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், பின்னால் சற்றுத் தள்ளி இலையும் இலைக்கு நடுவே வெளிச்சமும் இருக்க வேண்டும். அழகர்கோவில் அடிவார மரங்களுக்கு முன் மாப்பிள்ளையை நிறுத்தினால் வரும். திருமலை நாயக்கர் மகால் தூணுக்கு முன் நிறுத்திவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிரையோபிளான் 100 வெறும் மூன்று கண்ணாடி டிரிப்லெட். அதில் பின்னணிப் புள்ளிகள் சோப்புக் குமிழிபோல ஓரத்தில் வளையம் கட்டும், கோளப்பிழையை, அதாவது ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறையை, அளவுக்கு மேல் திருத்தியதன் விளைவு. ஒரு காலத்தில் மலிவான லென்ஸ். குமிழிக்கு மவுசு வந்தது, விலையும் கூடவே வந்தது.

## ஏலம் எப்படி ஓடுகிறது

ஏலச்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு ஏலம் தெரியும், ஒரு தரம் ரெண்டு தரம் எல்லாம் தெரியும். ஆன்லைன் ஏலம் அந்த மாதிரி இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதற்குக் கொஞ்சம் கிட்ட வரும்: உங்கள் உச்ச விலை வெளியே தெரியாது.

ஈபே முறை இது:

1. நீங்கள் தரத் தயாரான அதிகபட்சத் தொகையைப் போடுகிறீர்கள், 80 டாலர் என்று வையுங்கள். இது ரகசியம்.
2. இன்னொருவர் தன் உச்சமாக 62 போட்டிருக்கிறார்.
3. எந்திரம் உங்களுக்காக ஏற்றிக்கொண்டே போய், அவரைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அங்கே நிற்கும். அந்த விலைப்படியில் ஒரு ஏற்றம் 1 டாலர். ஆக 63. உங்கள் 80 அப்படியே மறைந்திருக்கும்.
4. வேறு யாரும் வராவிட்டால் 63க்கு உங்களுடையது.

அதாவது வெல்கிறவர் கிட்டத்தட்ட இரண்டாமவரின் விலையைக் கொடுக்கிறார். பொருளியலில் வில்லியம் விக்ரி 1961இலேயே எழுதிவைத்த விஷயம் இது. இந்த மாதிரி ஏலத்தில் பொருள் உங்களுக்கு எவ்வளவு பெறுமோ அதை அப்படியே ஒரே தடவை சொல்லிவிடுவதுதான் நல்ல உத்தி. 1996இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள், பாவம், அறிவித்த மூன்றாம் நாள் இறந்துபோனார்.

தியரி இப்படி இருக்க, நடப்பது வேறு. நம் ஆள் முதலில் 40 போடுவார். தாண்டிவிட்டார்கள் என்று அறிவிப்பு வரும். 45. மறுபடி அறிவிப்பு. 52. இந்த நேரத்தில் பேச்சு லென்ஸைப் பற்றியதாக இருக்காது, எதிராளியைப் பற்றியதாக ஆகியிருக்கும். இதனால்தான் அனுபவஸ்தர்கள் கடைசி ஐந்து பத்து நொடி வரை வாயே திறக்காமல் இருந்து ஒரே அடியாகப் போடுகிறார்கள். தந்திரம் என்று திட்டுவார்கள், ஆனால் விதிக்கு உட்பட்டதுதான், மற்றவரின் வீம்புக்கு நேரம் கொடுக்காமல் இருப்பது, அவ்வளவே.

ஜப்பானின் யாஹூ ஏலத்தில் இது பலிக்காமல் போகலாம். அங்கே தானியங்கி நீட்டிப்பு போட்டிருந்தால், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் முடிவு நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும். வெளிநாட்டுக்காரர் நேரடியாகக் கேட்பதும் கடினம், இடைத்தரகர் சேவை வழியாகத்தான் போக வேண்டும், அவருக்குக் கட்டணம், ஜப்பானுக்குள் அனுப்பும் செலவு, அப்புறம் அங்கிருந்து இங்கே அனுப்பும் செலவு. விலை குறைவாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தக் காரணத்தால்தான்.

இன்னொன்று, 'வென்றவர் படும் பாடு'. 1971இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர் கவனித்து எழுதியது. எண்ணெய் வயலில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஆளாளுக்கு ஒரு மதிப்பீடு. அதிகமாகத் தப்புக்கணக்குப் போட்டவர்தான் ஏலத்தில் ஜெயிப்பார். லென்ஸிலும் இதே கதை. பத்துப் பேர் ஒரே மங்கலான படத்தைப் பார்க்கிறார்கள், ஒன்பது பேருக்கு உள்ளே பூஞ்சை என்று சந்தேகம், அது தூசுதான் என்று நம்புகிறவர் ஒருவர் மட்டும். லென்ஸ் அவர் வீட்டுக்கு வரும்.

## விளம்பரத்தை வரி வரியாகப் படித்தால்

வழக்கமாகக் கண்ணில் படும் வாசகங்களைச் சேர்த்து ஒரு மாதிரி விளம்பரம்:

"அழகான பழைய லென்ஸ். தாத்தாவின் சேகரிப்பிலிருந்து. கண்ணாடி வயதுக்கேற்ற நிலையில். கேமரா இல்லாததால் சோதிக்கவில்லை. படங்களைப் பார்த்து முடிவு செய்யவும். திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது."

'தாத்தா' என்ற சொல்லுக்குப் பணமதிப்பு எதுவும் கிடையாது, தாண்டிவிடுங்கள். 'வயதுக்கேற்ற நிலை' என்றால் கீறலோ பூஞ்சையோ ஏதோ ஒன்று இருக்கிறது, பெயர் சொல்ல மனமில்லை. 'கேமரா இல்லாததால் சோதிக்கவில்லை' என்பதுதான் இதில் பெரிய வரி. லென்ஸைச் சோதிக்கக் கேமராவே தேவையில்லை. உள்ளே ஒளியைக் கூட்டிக் குறைக்கும் துளையைத் திறந்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் போதும், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். பத்து வருடமாக லென்ஸ் மட்டுமே விற்கிற ஒருவர் இப்படி எழுதினால் சோதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. கடைசி இரண்டு வரியும் சேர்ந்து வந்தால் குறை தெரிந்தே விற்கிறார் என்பது என் கணிப்பு. தப்பாகவும் இருக்கலாம், ஆனால் அந்தத் தப்பில் எனக்கு நஷ்டமில்லை.

'மின்ட்' (புதுசு மாதிரி), 'நியர் மின்ட்', 'எக்ஸலன்ட்' பக்கத்தில் ஐந்து கூட்டல் குறி, இந்தத் தர வரிசைக்கு யாரும் காவல் இல்லை. நியர் மின்ட் என்று தலைப்பில் போட்டுவிட்டுக் கீழே ஏழாவது வரியில் 'லேசான பூஞ்சை உண்டு' என்று எழுதும் ஆட்களும் இருக்கிறார்கள். ஏழாவது வரியை நம்புங்கள்.

## நோய்களும் அடையாளங்களும்

ஒரு ஹீலியோஸ் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பார்த்தால் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, லேசாக ஊதா அடிக்கிறது. துளையை முழுக்கத் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பின்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். அதே கண்ணாடி இப்போது வேறு மாதிரி: ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருக்கிறது, நடுவே அரிசிக் கஞ்சி காய்ந்த மாதிரி ஒரு படலம். விளம்பரப் படம் எல்லாம் முதல் கோணத்தில்தான் எடுக்கப்படும். அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரே படம், பின்னாலிருந்து டார்ச் அடித்து எடுத்தது. கேட்டும் தராவிட்டால் அதுவே பதில்.

என்னென்ன இருக்கலாம், எது தீரும், எது தீராது:

1. பூஞ்சை. மேலே சொன்ன சிலந்தி நூல். ஆரம்பத்தில் துடைத்தால் போகும். நாளானால் அது கசிய விடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும், பூஞ்சை போனாலும் தடம் போகாது.
2. மங்கல். கஞ்சிப் படலம். உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிவது பெரும்பாலும், பிரித்துத் துடைத்தால் சரியாகும். சில லென்ஸில் கண்ணாடியே பாழாகியிருக்கும், அது தீராது. படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.
3. ஒட்டு விடுதல். பழைய காலத்தில் கண்ணாடியோடு கண்ணாடியைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள். அது விட்டுப்போனால் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையமோ குமிழியோ தெரியும். பிரித்து ஒட்டுவது கைதேர்ந்தவர் வேலை, சாதாரண லென்ஸுக்குக் கூலி கட்டுபடியாகாது.
4. துளைத் தகடுகளில் எண்ணெய். ஃபோகஸ் கிரீஸ் வெயிலில் இளகி வழிந்து வருவது. கையால் துளையைத் திருப்பும் ஹீலியோஸ் 44-2 போன்றவற்றில் பெரிய தொல்லை இல்லை. தானாகச் சுருங்கும் லென்ஸில் தகடு ஒட்டிக்கொள்ளும்.
5. துடைத்த கீறல். யாரோ வேட்டி நுனியால் இருபது வருடம் துடைத்திருப்பார்கள். முன் கண்ணாடியில் லேசாக இருந்தால் படத்தில் அவ்வளவாகத் தெரியாது, விலை மட்டும் நன்றாகக் குறையும். உபயோகிக்க வாங்குகிறவருக்கு இது லாபம்.
6. மஞ்சள் நிறம். சூப்பர் டகுமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஏழு கண்ணாடி வகை போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஒளியை நன்றாக வளைக்க வேண்டும், நிறம் பிரியக் கூடாது, அதற்காகச் சேர்த்தார்கள். தோரியம் கதிரியக்கம் உள்ளது, அந்தக் கதிரே நாளடைவில் கண்ணாடியைத் தேநீர் நிறமாக்குகிறது. புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் வெளுத்துவிடும். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு, கதிர் மெதுவாகவே வரும், கேமராவில் மாட்டி எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. உடைப்பது, தேய்ப்பது மட்டும் வேண்டாம்.

பித்தளை லென்ஸுக்கு மட்டும் இன்னொரு சோதனை. குழாயின் மேல்பக்கம் ஒரு நீளத் துளை வெட்டியிருந்தால் அது 'வாட்டர்ஹவுஸ்' தகடுகளுக்கான இடம். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் சொன்ன முறை, அளவளவாக ஓட்டை போட்ட தகடுகளை அதில் செருகி ஒளியைக் கட்டுப்படுத்துவார்கள். (ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படத் தொகுப்பு வெளியானதும் அதே 1858.) தகடுகள் தனித்தனி என்பதால் பெரும்பாலும் தொலைந்திருக்கும். முழு செட்டும் தோல் உறையோடு இருந்தால் விலையே வேறு. பரணில் லென்ஸ் கிடைத்தால் அதே பெட்டியில் கறுத்த தகடுகள் கிடக்கிறதா என்று தேடிவிட்டுப் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள்.

## வாங்கியது மாட்டுமா?

லென்ஸ் வந்து உட்காரும் கேமரா முகப்புக்கும் சென்சாருக்கும் நடுவே ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒரு நிலையான தூரம் உண்டு. எம்42 என்ற, 42 மி.மீ. திருகால் மாட்டும் பழைய வகை லென்ஸ்களுக்கு 45.46 மி.மீ. சோனியின் மிரர்லெஸ் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரித் தகடு இல்லாத) கேமராவுக்கு 18 மி.மீ., நிக்கான் இஸட் வகைக்கு 16. மீதித் தூரத்தை ஒரு வெற்று வளையம் நிரப்பிவிடும், வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தகடு உள்ளே இருக்கிற நிக்கானின் பழைய எஸ்எல்ஆர் கேமராவில் தூரம் 46.5 மி.மீ. லென்ஸ் கேட்பதைவிட ஏற்கெனவே 1 மி.மீ. அதிகம், வளையத்துக்கு இடமே இல்லை. மாட்டினால் பக்கத்தில் உள்ளது மட்டும் தெளிவாக வரும், தூரத்துக் கோபுரம் கடைசிவரை மங்கல். நடுவே வில்லைக் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள், அது லென்ஸின் குணத்தையே கெடுக்கும். லென்ஸுக்கு ஏலம் கேட்பதற்கு முன் தன் கேமராவின் இந்த ஒரு எண்ணைப் பார்க்காதவர்கள் ஏராளம்.

## போலி

லைக்கா பெயரில்தான் அதிகம். சோவியத்தின் ஃபெட் கேமரா 1934லிருந்தும் ஸோர்க்கி 1948லிருந்தும் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பின்னாளில் அவற்றின் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்து, தங்க முலாம், பாம்புத்தோல், ஜெர்மன் விமானப்படை முத்திரை என்று அலங்காரம் பண்ணி விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. எவ்வளவு அலங்காரமோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். கேமராவோடு சேர்ந்து வந்தால் லென்ஸைக் கழற்றிய படம் கேளுங்கள்: உள்ளே லென்ஸைத் தொடும் சின்ன நெம்பின் நுனி லைக்காவில் உருளும் சக்கரமாக இருக்கும், ஃபெட்டில் ஆப்பு மாதிரித் தட்டையாக இருக்கும்.

சோவியத் லென்ஸ் பலவற்றில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் செய்த வருடம். 75 என்று தொடங்கினால் 1975. விளம்பரத்தில் '1950களின் அபூர்வம்' என்று இருந்து எண் 81இல் தொடங்கினால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

## 8,000 ரூபாய் லென்ஸ் 15,000 ஆவது எப்படி

சுங்க வரி லென்ஸ் விலைக்கு மட்டும் கிடையாது. விலை, கப்பல் அல்லது விமானச் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் வரி. பிறகு அந்த வரியையும் சேர்த்த தொகைமேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. வரியின்மேல் வரி. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது, அதனால் கணக்குக்காக மட்டும் சுங்கம் 20 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துப் பார்க்கலாம்:

லென்ஸ் 8,000, அனுப்பும் செலவு 2,500, ஆக 10,500. சுங்கம் 2,100. இப்போது 12,600. அதன்மேல் ஐஜிஎஸ்டி 2,268. மொத்தம் 14,868. வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் இன்னொரு 367. பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது, கூரியர்காரரின் கட்டணம் இன்னும் சேரவில்லை. தபாலில் வந்தால் வரியை வாசலில் தபால்காரரிடமே கட்டலாம்.

'கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன்' என்று சில விற்பனையாளர்கள் ஆசை காட்டுவார்கள். 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. பொய்யாக விலையைக் குறைத்து எழுதினால் அதிகாரி ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை, வழியில் உடைந்தால் இழப்பீடு கேட்கும்போது அந்தக் குறைந்த விலைதான் நிற்கும். ஆகவே ஏலத்தில் உச்சத் தொகை போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: வீட்டுக்கு வந்துசேர 12,000 தாண்டக் கூடாது என்றால் ஏலத்தில் எவ்வளவு வரை போகலாம் என்று. விடை கையைச் சுடும்.

## பரணில் இருப்பதை வெளிநாட்டுக்கு விற்கலாமா?

இங்கேதான் 1972 சட்டம். 100 வருடத்துக்குக் குறையாத, அறிவியல், கலை, கைவினை போன்றவற்றைக் காட்டுகிற பொருள் 'தொல்பொருள்' என்ற வரையறைக்குள் வரும். தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. சாமி சிலைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வரையறையின் சொற்களை அப்படியே பார்த்தால் 1880ஆம் வருடத்துப் பித்தளை லென்ஸுக்கும் உள்ளே இடமிருக்கிறது. அதனால் ஆன்லைனில் வெளிநாட்டுக்காரர் விலை கேட்டதும் பார்சல் கட்டிவிட வேண்டாம். பொருள் தொல்பொருள் இல்லை என்று மத்தியத் தொல்லியல் துறை கொடுக்கும் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, அதற்கு விண்ணப்பித்துக் கேட்பதுதான் வழி. உள்நாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்பதில் இந்த ஏற்றுமதித் தலைவலி இல்லை.

ஆலப்புழையில் 1940களிலிருந்து செய்த வாகீஸ்வரி மரக் கேமரா நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் இருந்தது. உடம்பு கேரளத்துத் தேக்கு, கண் மட்டும் வெளிநாடு. அது 100 வயதைத் தொடவில்லை. ஆனால் அதன் முகத்தில் இருக்கும் லென்ஸ் அதைவிட மூத்ததாக இருக்கலாம், பழைய லென்ஸைப் புதுப் பெட்டியில் மாற்றி மாட்டுவது வழக்கம்தான். வளையத்தில் பொறித்த பெயரையும் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள். லென்ஸைத் தனியாகக் கழற்றிக் கொடுங்கள் என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால் மிச்சம் ஒரு மரப்பெட்டிதான், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

## வந்த பிறகு

பார்சலைப் பிரிக்கும்போதே நடுவே நிறுத்தாமல் வீடியோ எடுங்கள், தகராறு என்று வந்தால் அது ஒன்றுதான் சாட்சி. டார்ச் சோதனையை அன்றைக்கே செய்யுங்கள், புகார் சொல்லக் கெடு உண்டு.

பூஞ்சைக்குக் காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டினால் கொண்டாட்டம். மதுரை பொதுவாகக் காய்ந்த ஊர் என்று அசட்டையாக இருந்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மூடிய பீரோவுக்குள் வைத்து விட்டுவிடுகிறார்கள், தையில் திறந்தால் சிலந்தி நூல். லென்ஸோடு வந்த தோல் உறை பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் லென்ஸை அதற்குள் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை வளர்க்கும் தொட்டில் அது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே இருநூறு முந்நூறு ரூபாய் ஈரமானி, முள் 40க்கும் 50க்கும் நடுவே. ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம். பீரோவில் பட்டுப்புடவைக்குப் போடுகிற அந்துருண்டையை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் படியும், டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை என்றே நினைப்பீர்கள்.